சொன்னதையெல்லாம் பூசிக்கொண்டவள்

அவளிடம் ஒரு வைத்தியத்தைச் சொல்லிவிட்டால் போதும், சொன்னவர் நிம்மதியாக ரயிலேறி ஊர்போய்ச் சேரலாம். அவள் அதைச் செய்துவிடுவாள். அன்றைக்கே செய்வாள். அரைக்க வேண்டியதை அரைத்து, ஊற வேண்டியதை ஊறவைத்து, பத்து நிமிடம் வைத்திருக்கச் சொன்னதைப் பதினைந்து நிமிடம் வைத்திருந்து கழுவுவாள். சொன்னவர் யார், எந்த ஊர், அவருக்கு என்ன தெரியும் என்றெல்லாம் அவள் யோசித்ததே கிடையாது. அப்படிப்பட்ட ஒருத்தியோடு நான் இரண்டரை வருஷம் ஒரே அறையில் குடியிருந்தேன். எனக்கு இரத்தக் கொதிப்பு வராமல் போனதே பெரிய விஷயம்.

திருப்பதியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி அது. நான் புத்தூர்க்காரி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் பேப்பர் பார்க்கிற வேலை. யாருக்கும் ஊசி போட்டதில்லை, நாடி பிடித்ததில்லை. ஆனாலும் கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கியதால் விடுதியில் எனக்குப் பாதி டாக்டர் என்ற மரியாதை இருந்தது. தலைவலி, வயிற்றுவலி எதுவானாலும் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த மரியாதையை நானும் மறுக்கவில்லை, உள்ளூர எனக்கு அது பிடித்திருந்தது.

நான் பெட்டியோடு அறைக்குள் நுழைந்த முதல் நாள் உள்ளே பூண்டு நாற்றம். கட்டிலில் ஒரு பெண் முகம் முழுக்கப் பச்சையாக எதையோ அப்பிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணால் மட்டும் சிரித்தாள்.

“வாங்கக்கா. சிரிச்சா வெடிச்சுப்பூடும், அதான். வேப்பிலையும் பூண்டும். காலைல கடைக்கு வந்த ஒரு அம்மா சொன்னாங்க” என்றாள் உதட்டைப் பிரிக்காமல்.

நகரிப் பெண். என்னைவிட நாலு வயது சின்னவள். பத்தாவது படிக்கும்போது வந்த பரு. கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் வந்த வழியே போய்விட்டது, இவளுக்கு மட்டும் இருபத்தைந்து வயதிலும் போகவில்லை. கன்னம், நெற்றி, தாடை ஓரம் எங்கும் சிவந்து, பழுத்து, உடைந்து, கறுப்பாக ஒரு வடுவை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். கழுவிவிட்டு வந்தபோதுதான் முகத்தை முழுசாகப் பார்த்தேன். நல்ல முகம். பெரிய கண். அதைப் பார்க்க விடாமல் இத்தனையும் முளைத்திருந்தது.

அவளுக்கு ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை. பட்டுப் பிரிவில் புடவையை விரித்துக் காட்டினால் மட்டும் ஆகாது. தன் தோளில் போட்டு, மடிப்பு வைத்து, முந்தானையை இறக்கிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று காட்ட வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. தறிக்காரர் வீட்டுப் பெண் அல்லவா, புடவை வெங்கடகிரியா தர்மவரமா என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லுவாள். வாங்க வருகிறவர்கள் முதலில் புடவையைப் பார்ப்பார்கள். பிறகு கண் தானாக மேலே போகும். அரைமணி நேரம் எதிரில் உட்கார்ந்து அந்தப் பருக்களைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போக நம் ஜனங்களால் முடியுமா?

திருமலைக்கு வருகிறவர்கள் முடியை மேலே கொடுத்துவிட்டு, வைத்தியத்தைக் கீழே இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சோலாப்பூர் அம்மாள் கடலைமாவும் தயிரும் என்றார். மைசூர் அம்மாள் ஜாதிக்காயைப் பாலில் உரைத்துப் போடச் சொன்னார். சேலத்திலிருந்து வந்த கல்யாணக் கூட்டம் ஒன்று குப்பைமேனியா திருநீற்றுப் பச்சிலையா என்று தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டது. இவள் முதல் நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று இரண்டு கட்சிக்கும் நியாயம் செய்தாள். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் பற்பசை வைத்தால் ஒரே ராத்திரியில் அமுங்கும் என்றார். அதையும் வைத்தாள். அமுங்கவில்லை, தோல்தான் உரிந்தது.

“ஏண்டி, அவங்க சொன்னா நீ செய்யணுமா? தலைய ஆட்டிட்டு உட்டுத் தொலைய வேண்டியதுதானே?”

“எனக்கோசரம் நின்னு சொல்றாங்களேக்கா. நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி நெனச்சுத்தானே சொல்றாங்க.”

“அவங்க இந்நேரம் ரயில்ல கம்முனு தூங்கிக்கினு போய்க்கினு இருப்பாங்க. உன் மொகம் அவங்களுக்கு ஞாபகம்கூட இருக்காது.”

“திரும்பி வந்து கேட்டாங்கன்னா?”

யார் திரும்பி வந்து கேட்கப் போகிறார்கள் என்று நான் கத்தினேன். ஒரு மாதம் கழித்து சித்தூரிலிருந்து ஒரு டீச்சர் அம்மா நிஜமாகவே திரும்பி வந்து, எலுமிச்சம்பழச் சாறு போட்டாயா என்று கேட்டார். போட்டேன் மேடம் என்று இவள் சொன்னாள். அப்படியும் போகவில்லையே, அப்படியானால் தேனும் சேர்த்துக்கொள் என்றார் அந்த அம்மாள். அன்று மாலை அறைக்கு வரும்போதே கையில் தேன் பாட்டில். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒருவர் தலைக்கு எண்ணெயே ஆகாது, அது வழிந்துதான் நெற்றியில் பரு என்றார். நகரியிலிருந்து அவள் அம்மா போனில், எண்ணெய் வைக்காமல்தான் சூடு ஏறி முகத்தில் வருகிறது என்றார். இவள் வாரத்தில் மூன்று நாள் எண்ணெய் வைத்தாள், மூன்று நாள் வைக்கவில்லை. ஏழாவது நாள் யார் கணக்கில் என்று கேட்டேன். “அன்னிக்கு ரெண்டு பேருக்கும் லீவுக்கா” என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கிண்டல் வராது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். வேர்க்கடலை துன்னக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எங்கள் சித்தூர் பக்கம் வேர்க்கடலைச் சட்னி இல்லாமல் யாராவது இட்லி போடுவார்களா? விடுதியில் காலையில் அதைத் தவிர வேறு சட்னியே கிடையாது. இவள் ஆறு மாதம் வெறும் இட்லியைத் தண்ணீரில் நனைத்து விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள். அந்த ஆறு மாதமும் பரு வந்துகொண்டுதான் இருந்தது. “கடலையால வர்லன்னு தெரிஞ்சுப்போச்சு இல்ல, துன்னு” என்றேன். “யாரும் துன்னச் சொல்லலையேக்கா” என்றாள்.

எலுமிச்சைச் சாற்றோடு சோடா உப்பும் சேர்த்துப் போட்டு ஒருநாள் கன்னம் வெந்துபோனது. அன்றைக்கு எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக என் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தோல் டாக்டரம்மாவிடம் உட்காரவைத்தேன்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். முகத்தை விளக்கு வைத்துப் பார்த்தார். காலையும் மாலையும் காரமில்லாத ஒரு ஃபேஸ் வாஷ், பகலில் வெயில் தாங்கும் கிரீம், ராத்திரியில் ஒரு ஜெல் முகம் முழுவதற்கும் ஒரே ஒரு பட்டாணி அளவு. அவ்வளவுதான். கிள்ளக்கூடாது, தேய்க்கக்கூடாது, சமையலறைச் சாமான் ஒன்றும் முகத்துக்கு வரக்கூடாது. முதல் மாதம் தோல் உரியும், பரு கூடினாற்போலவும் தெரியும், பயந்து நிறுத்திவிடாதே, மூன்று மாதம் கழித்துத்தான் பலன் தெரியும் என்று தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் செய்தாள். டாக்டரம்மா சொன்னதை மட்டும் செய்தாள், ஏனென்றால் வேறு எதையும் தொட்டால் கொன்றுபோடுவேன் என்று நான் சொல்லியிருந்தேன். பட்டாணி அளவு என்றால் சமையலறையிலிருந்து நிஜமாகவே ஒரு பட்டாணி வாங்கிவந்து பக்கத்தில் வைத்து அளந்தாள்.

மூன்றாவது வாரம் டாக்டரம்மா சொன்னபடியே தோல் உரிந்தது. மூக்கோரம் வெள்ளை வெள்ளையாகச் செதில், தாடையில் புதிதாக ஏழெட்டுப் பரு. கடையில் ஒரு பெண் புடவை பார்ப்பதை விட்டுவிட்டு, “அய்யோ, ஏமய்யிந்தி அம்மா மொகானிக்கி?” என்று முகத்துக்கு என்ன ஆயிற்றென்று உரக்கக் கேட்டுவிட்டாள். அன்று மாலையே ஃப்ளோர் மேனேஜர் இவளைப் பட்டுப் பிரிவிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்தில் பேக்கிங்கில் போட்டார். ஆள் கெட்டவரில்லை. சிராவண மாசத்துக்குள் முகம் சரியானால் மேலே வரலாம், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு பெண்ணை வைத்துவிடுவேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். தெலுங்குக்காரர்களுக்குச் சிராவணம்தான் வரலட்சுமி விரதமும் முகூர்த்தமும். வருஷத்தில் பட்டு அதிகம் போகிற மாதம். அதற்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

கீழ்த்தளத்தில் கண்ணாடி கிடையாது. மற்றவர்கள் காட்டி விற்ற புடவையை மடித்து அட்டைப்பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டுகிற வேலை. சாயங்காலம் அறைக்கு வந்து, இன்றைக்கு ஒரு கத்வால் பட்டு வந்தது, அதன் முந்தானையை யாரோ தலைகீழாக மடித்து அனுப்பியிருந்தார்கள் என்று சொல்லுவாள். வேறு குறை சொல்லவில்லை. அழவில்லை. ஜெல்லை நிறுத்தவுமில்லை. அவள் பொறுமையாகத்தான் இருந்தாள். பொறுக்க முடியாதவள் நான்.

தினமும் காலையில் அந்த உரிந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. நான் கூட்டிப்போன டாக்டர், நான் சொன்ன வைத்தியம், அதனால்தான் இவள் இடம் போகப்போகிறது என்று எனக்குள்ளே ஒரே புகைச்சல். என் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு களிம்பு போட்டு, பத்தே நாளில் முகம் பளிங்காக மண்டபத்தில் நின்றது நினைவுக்கு வந்தது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். வாங்கிவந்து நீட்டினேன்.

“அந்த ஜெல்ல நிறுத்து. இத போடு. படுக்கும்போது மொகம் பூரா.”

“டாக்டரம்மா மூணு மாசம் சொன்னாங்களேக்கா?”

“அவங்களுக்கா பட்டு செக்‌ஷன் போவுது? நான் ஆஸ்பத்திரில இருக்கிறவ. நான் சொல்றேன், போடு.”

ஒரு வைத்தியத்தைச் சொன்னவரிடமே அவள் எதிர்க்கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் நான்தான் அடக்கினேன்.

ஆறாம் நாள் சிவப்பு வடிந்தது. இரண்டு வாரத்தில் பரு இருந்த இடமே தெரியவில்லை. சிராவணம் பிறக்குமுன் மறுபடி பட்டுப் பிரிவு. வரலட்சுமி விரதத்துக்கு முந்தின நாள் ஒரே ஆளாக முப்பத்திரண்டு புடவை விற்றாளாம். மேனேஜர் எல்லார் முன்னாலும் பேர் சொல்லிப் பாராட்டினார் என்று ஓடிவந்து சொன்னாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு கன்னத்திலும் குழி விழுந்தது. பார்த்தாயா என்று விடுதி முழுக்க நான் பீற்றிக்கொண்டேன்.

பிறகு நான் அதை மறந்துவிட்டேன். முகம் சரியாகிவிட்டது, வேறு என்ன? கார்த்திகை மாதம் ஒருநாள் அவள் வெயிலிலிருந்து வந்து முகத்தை ஈரத்துண்டில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். எரிகிறது என்றாள். துண்டை விலக்கிப் பார்த்தேன். கன்னம் முழுக்கத் தக்காளிச் சிவப்பு. தோல் மெலிந்து உள்ளே நரம்பு நரம்பாகத் தெரிந்தது. தாடையில் பூனைமயிர். அதற்கு நடுவில் பொடிப்பொடியாக, முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு பரு.

“இன்னாடி போட்ட?”

“வேற ஒண்ணும் போடலக்கா. நீங்க குடுத்ததுதான். ஒருநாள் போடாம உட்டா பொங்கிக்கினு வருது.”

“இன்னுமா அத போட்டுக்கினு இருக்கிற? பத்து நாளைக்குத்தானேடி அது!”

“நீங்க நிறுத்தச் சொல்லலையேக்கா.”

பத்து நாள் என்று நான் சொன்னேனா? இன்றுவரை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால் பதினோராம் நாள் தொட்டிருக்கமாட்டாள், அது நிச்சயம்.

மறுபடி அதே டாக்டரம்மா. விளக்கை வைக்குமுன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு, முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் இப்படித்தான் ஆகும் என்றார். இத்தனை நாள் பொறுமையாகப் பார்த்த மனுஷி, அன்றைக்குக் குரலை உயர்த்தினார்.

“இதி நீக்கு எவரு செப்பாரு?”

யார் சொல்லிப் போட்டாய் என்கிற கேள்வி. நான் பக்கத்து நாற்காலியில், கழுத்தில் அட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கியதாகச் சொன்னாள். யார் எதைச் சொன்னாலும் சொன்னவர் ஊர் உட்பட ஒப்பிக்கிறவள், அன்றைக்குப் பொய் சொன்னாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நீ இந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்கிறாயே, நீயாவது சொல்லக்கூடாதா என்றார்.

“செப்பானு மேடம், வினலேது” என்றேன்.

சொன்னேன், கேட்கவில்லை. என் வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதான். யாரைப் பற்றி? எலுமிச்சை சொன்னால் எலுமிச்சை, பற்பசை சொன்னால் பற்பசை, சட்னி வேண்டாம் என்றால் ஆறு மாதம் தண்ணீர் தொட்டு இட்லி தின்றவளைப் பற்றி. என் வேலை, என் அட்டை, என் மானம் என்று அந்த ஒரு நொடியில் பயந்துவிட்டேன். அவள் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? ஆமாம் மேடம் என்று தலையாட்டினாள்.

வெளியே வந்து மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மாத்திரை, சோறு துன்னதுக்கு அப்புறம்தானேக்கா?” என்றாள். ஆமாம், நிறையத் தண்ணீரோடு என்றேன். அதோடு சரி.

களிம்பை நிறுத்திய முதல் இரண்டு மாதம் அவள் முகம் பட்ட பாட்டை எழுத எனக்கு இஷ்டமில்லை. மேனேஜர் சொல்வதற்கு முன்னால் அவளே போய்ப் பேக்கிங்கில் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். துணியால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவாள், வருவாள். நான் சும்மா இருந்தேனா? குற்ற உணர்ச்சி பிடித்தவளுக்கு வாய் இன்னும் நீளும். மாத்திரை போட்டாயா, கிரீம் பூசினாயா, தலையணை உறையை மாற்றினாயா, கன்னத்தில் கை வைக்காதே என்று மூச்சுக்கு மூச்சு அவளைப் பிடுங்கினேன். போனில் யாரோ பேசிய வீடியோவை எல்லாம் அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

அவளுக்கு வார விடுமுறையான ஒரு காலையில், எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி நல்லது என்று சொன்ன சீரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். இதில் கெடுதல் ஒன்றும் இல்லை, விசாரித்துவிட்டேன், காலையில் இரண்டு சொட்டு மட்டும் என்று ஆரம்பித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

“வாணாம்க்கா.”

“அட, நர்ஸு சொன்னதுடி. இது அது மாதிரி இல்ல.”

“வாணாம். இனிமே எம்மொகத்தப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் போகிறவன் வருகிறவன் சொன்னதையெல்லாம் செய்தாயே, நான் சொன்னால் மட்டும் கசக்கிறதா என்று கேட்டேவிட்டேன். அப்போதுதான் மடித்த புடவையைக் கட்டிலில் வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

“அவங்க சொல்லிட்டுப் பூடுவாங்கக்கா. நீங்க கூடவே இருக்கீங்களே.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாலு நாள் அவளோடு பேசவில்லை. உனக்காகத்தானே இத்தனையும் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஐந்தாம் நாள் வேறு வழியில்லாமல் பேசினேன், மழையைப் பற்றி, மெஸ் சாம்பாரைப் பற்றி. முகத்தைப் பற்றிப் பேசவில்லை. நகரியில் கடைக்குப் புதுக் கிளை திறந்து அவள் அங்கே பட்டுப் பிரிவுக்கே போகும்வரை எட்டு மாதம் நாங்கள் அதே அறையில் இருந்தோம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கி விழுங்கியே எனக்கு நாள் போனது. அவள் பாட்டுக்குக் கழுவினாள், பட்டாணி அளவு பூசினாள், கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்த அந்த எட்டு மாதத்தில்தான் அவள் முகம் தெளிந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.